சகஜத்தில் முதல் மாணவி

நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வேதாச்சலத்தின் மகள் தரணிக்குப் பொய் சொல்ல வராது. வேறு வீட்டில் பிறந்திருந்தால் இதை நல்ல குணம் என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ, அவள் வீட்டில் இது ஒரு கஷ்டமாகத்தான் இருந்தது. புத்தூர் காலேஜில் பி.எஸ்.சி. முடித்த பிறகு சென்னையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் வந்ததே தவிர கஷ்டம் குறையவில்லை.

பெரியப்பா அண்ணாதுரை புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தரணியையும் கேட்டார். சமையலறைக்கு வெளிச்சம் வரவில்லை, குளியலறைத் தண்ணீர் வாட்டம் தப்பி பூஜை அறைப் பக்கம் வருகிறது என்று அவள் சொன்னாள். கேட்டவருக்குப் பதில் சொல்வது மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வேதாச்சலம் அன்றைக்கு இலையில் உட்காராமலே பைக்கை எடுத்தார். வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தரணிக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்பது அந்த முதுகைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது. என்ன தப்பு என்பதுதான் புரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் இப்படித்தான். தப்பு தன்மேல்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டுவிடுவாள், அது எந்தத் தப்பு என்று பிறகு தேடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் சத்யவேடு பக்கம் இருக்கிற ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கின வேலை. பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். ஆட்டிசம் இருக்கிறது என்று அரசாங்க டாக்டர் கொடுத்த சான்றிதழைக் கம்பெனிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அது வெளியே தெரியாது என்பதற்கு இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். அதைத் திருப்பதியில் சகஜ ஜீவன சிக்ஷண கேந்திரம் என்று ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறதே, அங்கேதான் கொடுப்பார்களாம். ஆறு மாதம் தங்கிப் படிக்க வேண்டும்.

கேந்திரம் ரேணிகுண்டா ரோட்டில் இருந்தது. முன்னால் கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். மணமக்கள் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபா மேடையில் அப்படியே கிடந்தது. டைரக்டர் டாக்டர் சுரேஷ்பாபு அதில்தான் உட்காருவார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

முதல் நாள் பெற்றோரையும் பிள்ளைகளையும் கீழே உட்கார வைத்துவிட்டு அவர் பேசினார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டாம். ஒருவகை சகஜர்கள். இன்னொருவகை, சகஜமாக வேண்டியவர்கள்.

"நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே உங்களை ஏத்துக்கறதுதான் எங்க கொள்கை," என்றார். "ஆறு மாசத்துல நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் வராது, அந்த அளவுக்கு ஏத்துக்குவோம்."

பெற்றோர்கள் கைதட்டினார்கள். தான் பதினைந்து வருஷமாக இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்வதாகவும், இந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருமுறைகூட இவர்களைக் கேட்டதில்லை என்றும், கேட்டால் அவர்கள் சொல்கிற பதில் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும் என்றும் அவர் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். வேதாச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடம் நடத்தியவர் ஸ்வர்ணலதா மேடம். எப்போதும் சிரித்த முகம். முதல் பாடம் 'சாப்பிட்டீங்களா'. நகரியில் துன்னியா என்று கேட்பதுதான் வழக்கம், அது கேந்திரத்தில் கூடாது. சாப்பிட்டீங்களா என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை, பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது, கேட்டுக்கொண்டே நடந்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் சாப்பிட்டாரா இல்லையா என்று உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தால் எப்படிக் கேட்பது என்று தரணி எழுந்து கேட்டாள். மேடம் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சந்தர்ப்பம் சாதாரணமாக வராது என்றார்.

அடுத்தது போன் பாடம். வீட்டில் இன்னும் தலை வாரிக்கொண்டிருந்தாலும், எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் யாராவது கேட்டால் புத்தூர் தாண்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு சந்தேகத்தைக் கூடப் படிக்கிற திலீப் கிளப்பினான். உண்மையாகவே புத்தூரைத் தாண்டிக்கொண்டிருப்பவன் என்ன சொல்வான்?

"அவன் போனையே எடுக்க மாட்டான்," என்றார் மேடம். எல்லோரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திலீப் பிச்சாட்டூர்க்காரன். அவர்களுக்கு ஏரிக்குக் கீழே மாந்தோப்பு உண்டு. அவனுக்கு மாங்காயைப் பற்றிப் பேசப் பிடிக்கும். பெங்களூரா மாங்காய் ஏன் கிளிமூக்கு வைக்கிறது, ருமானி எந்த மண்ணில் இனிக்கும், பூ உதிர்வது எதனால் என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் நிறுத்த மாட்டான். கேந்திரத்தில் அவனுக்கு மாங்காய் தடை. அந்தப் பேச்சு வாயில் வரும்போதெல்லாம் விழுங்கிவிட்டு, இன்றைக்கு வெயில் அதிகம் இல்லையா என்று கேட்க வேண்டும். மார்கழி மாதத்திலும் அவன் அதையே கேட்டான். தடை இருந்தும் தரணியிடம் மட்டும் மாங்காயைச் சொல்வான். அவள் கேட்பாள். அலுப்புத் தட்டினால், போதும்டா, அலுப்பா கீது என்று சொல்லிவிடுவாள். அவன் நிறுத்திவிடுவான். இரண்டு பேருக்கும் இதில் வருத்தமே கிடையாது.

மூன்றாம் மாதம் துக்கம் விசாரிக்கும் பாடம் வந்தது. ஆபீஸ் அட்டெண்டர் கமலக்கண்ணனை பெஞ்சில் படுக்க வைத்து, மாலை போட்டு, மூக்கில் பஞ்சும் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து நின்று, எப்படி ஆச்சு, நல்ல மனுஷன், சாப்பிடாம இருக்காதீங்க என்று மூன்றையும் அதே வரிசையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திலீப்பின் முறை வந்தது. அவன் பெஞ்சின் பக்கத்தில் போய் நின்றான். கமலக்கண்ணன் தினமும் அவனுக்குச் சூடு ஆற்றி டீ கொடுக்கிறவர். அவர் நிஜமாகவே ஒருநாள் இப்படிப் படுப்பார் என்பது அவனுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். தேம்பி அழ ஆரம்பித்தான். அழுகை நிற்கவில்லை. உறவுமுறைக்கு அதிகமான அழுகை என்று ஸ்வர்ணலதா மேடம் மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் பிணமே எழுந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டது. செத்தவர் வந்து ஆறுதல் சொன்னதால் அன்றைய பாடம் செல்லாது என்று போர்டில் எழுதிப் போட்டார்கள்.

ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தபோது கேந்திரம் ஊர்வலம் எடுத்தது. பேண்டு வாத்தியம், பட்டாசு, ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு ஆயிற்று. இவ்வளவு சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது டைரக்டருக்கு ஞாபகம் வந்தது. ஆகவே அவர்களை மொட்டை மாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு காலேஜிலிருந்து பிள்ளைகளை வரவழைத்து, 'எங்களைப் புரிந்துகொள்ளுங்கள்' என்ற அட்டையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். காலேஜ் பிள்ளைகள் அதை மிகவும் உருக்கமாகப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவனை டைரக்டர் தழுவிக்கொள்ளும் படம் மறுநாள் பேப்பரில் வந்தது.

மாடி அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் சகஜர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை மாதம் அவர்களைப் பார்த்து நடிக்கக் கற்றும், உள்ளே அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யாரும் பாடத்தில் சொல்லவில்லை.

திலீப் சொன்னான்: "அவங்க தலைக்குள்ள எப்பவும் ஒரு சந்தை நடந்துக்கினே இருக்கும்னு நெனைக்கறேன். அதனாலதான் வெளிய எவ்ளோ மேளம் அடிச்சாலும் அவங்களுக்கு ஒறைக்கறதில்ல. மாமரத்தண்ட போய் நின்னாக்கூட மரத்தைப் பாக்க நேரம் கெடைக்காது. நல்லா கீதுன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க."

தரணி வேறு மாதிரி நினைத்திருந்தாள். சகஜர்கள் எல்லோருக்கும் உள்ளே ஒரு ரேடியோ இருக்கிறது. எப்போது சிரிப்பது, எப்போது எழுந்து போவது, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்று அது ஒரே நேரத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. தனக்கு மட்டும்தான் அந்த ரேடியோ வைக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு இந்த எண்ணம். இதை அவள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

சித்தூர் மஞ்சு வாயால் பேச மாட்டாள். போனில் தட்டி நீட்டுவாள். அன்றைக்கும் நீட்டினாள். அதில் இப்படி இருந்தது: 'ரேடியோ இல்ல. பயம். ஸ்வர்ணலதா மேடம் தனியா இருக்கும்போது மூஞ்சி வேற மாதிரி இருக்கும். பாவம்.'

தரணிக்கு இது மனதில் தைத்துவிட்டது. அடுத்த வாரம் ஸ்வர்ணலதா மேடம் தனியாக இருந்தபோது போய்க் கேட்டாள். எதிரில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிகிறது?

மேடம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது. "தெரியாதும்மா," என்றார் மெல்ல. "டைரக்டர் சார் காலைல என்னைப் பாத்து சிரிச்சார்னா, எதுக்கு சிரிச்சார்னு ராத்திரி வரைக்கும் யோசிப்பேன். இருபது வருஷமா குடும்பம் நடத்தறேன், எங்க வீட்டுக்காரருக்கு என் சமையல் புடிக்குமான்னு இன்னும் தெரியாது." பிறகு பயந்துபோய், இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக, ரேடியோ என்று ஒன்றும் கிடையாது. எல்லோரும் ஊகம்தான் செய்கிறார்கள், கொஞ்சம் வேகமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். தரணிக்கு முதலில் அவர்கள்மேல் இரக்கம் வந்தது. பிறகு தைரியம் வந்தது. ஊகம்தானே, அதைக் கற்றுக்கொண்டுவிடலாம். அன்றிலிருந்து அவள் மார்க் ஏற ஆரம்பித்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பெரியம்மா புளியோதரை வைத்தாள். உப்பு தூக்கலாக இருந்தது. தரணி, பெரியம்மா கையில் ஏதோ இருக்கிறது, எங்கம்மாவுக்கு இது வராது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். வேதாச்சலம் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றார். திரும்பும்போது பைக்கில் பேசிக்கொண்டே வந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தரணிக்கு, இத்தனை வருஷமாக இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் நைனாவைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று இருந்தது.

இப்படி அவள் தேறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் திலீப்பின் தங்கை கீர்த்திக்கு நாயுடுபேட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். திலீப் அன்றைக்குக் கேந்திரத்திலேயே இருக்கட்டும், ஸ்வீட் கொண்டுவந்து தருகிறோம் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மகன் திருப்பதியில் மேல்படிப்புப் படிக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

திலீப்புக்குப் போக ஆசை. கீர்த்தியும் போன் செய்து வரச்சொல்லியிருந்தாள். அவன் பாடத்தில் படித்ததை எல்லாம் சேர்த்து, வருகிறவர்களை வரவேற்று உட்கார வைத்துப் பேசுவதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்தான். டைரக்டர் இதைக் களப்பயிற்சி என்று சொல்லி அனுமதி கொடுத்தார். வீட்டாரைத் தான் சம்மதிக்க வைப்பதாகவும் சொன்னார். ஆனால் திலீப்புக்கு டைரக்டர் சொன்னது போதவில்லை. வராந்தாவில் தரணியைக் கூப்பிட்டு, நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பாவாக உட்காரச் சொல்லி, பேச்சை முதலிலிருந்து கடைசிவரை நடத்திக் காட்டினான்.

தரணி பார்த்தாள். ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிக்கிற குரலில் அவன் வரவேற்றான். மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே வந்து நின்றான். டைரக்டர் சிரிக்கிற சிரிப்பை அப்படியே எடுத்து வைத்திருந்தான், அது எங்கே வேண்டுமானாலும் வந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் வாய் தவறித் தோப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான்; அப்போது மட்டும் அவன் குரல் அவன் குரலாக இருந்தது. அதையும் விழுங்கிவிட்டு வெயில் பேச்சுக்குப் போய்விட்டான்.

முடித்துவிட்டுக் கேட்டான். "நான் போலாமா, இல்ல இங்கியே இருந்துடட்டுமா? எல்லாரும் நல்லா கீது நல்லா கீதுன்றாங்க. நீதான் பொய் சொல்ல மாட்ட. அதான் உன்னைக் கேக்கறேன்."

திலீப்புக்குப் பின்னால், தூணை ஒட்டி ஸ்வர்ணலதா மேடம் மார்க் பேப்பரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் தரணிக்கு 'ஊக்கப்படுத்துதல்' பாடத்தில் பரீட்சை. மேடம் புருவத்தை உயர்த்தி, ம்ம் என்று தலையசைத்தார்.

"ரொம்ப நல்லா கீது," என்றாள் தரணி. "யாருக்கும் ஒண்ணும் தெரியாது. போ."

சரியான இடத்தில் சிரித்து, சரியான இடத்தில் அவன் தோளைத் தட்டவும் செய்தாள். முழு மார்க். திலீப் முகம் மலர்ந்து, நீ சொன்னா சரிதான் என்று துணிமணி எடுத்து வைக்கப் போனான்.

பிச்சாட்டூரில் நடந்தது எல்லாம் பிறகு கீர்த்தி போனில் சொல்லித்தான் தரணிக்குத் தெரியவந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே திலீப் அவர் முகத்துக்கு நேராக நின்று பேச்சைத் தொடங்கிவிட்டான். முடியும்வரை அவரால் உள்ளே வர முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அது வரைக்கும்கூட ஏதோ விளையாட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்களாம். உள்ளே உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையின் அத்தை, தன் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்த நல்ல காரியத்துக்கு முதல் ஆளாக வந்திருப்பார் என்று கண் கலங்கினாள். துக்கப் பாடம் திலீப்புக்கு ஞாபகம் வந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டான். லாரி மோதி என்றாள். அத்தோடு விடாமல் மறுபடியும் எப்படி ஆச்சு என்றான். அவள் விவரம் சொன்னாள். நல்ல மனுஷன் என்றான். பிறகு, சபையில் எல்லோரும் மௌனமாகிவிட்டதைப் பார்த்து, சூழ்நிலையை லேசாக்க டைரக்டர் சிரிப்பைச் சிரித்தான். நிறுத்தத் தெரியாமல் சிரித்தான்.

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். பையனுக்கு இப்படி என்று ஏன் சொல்லவில்லை, பொய் சொல்லிச் சம்பந்தம் செய்கிற குடும்பமா என்று கேட்டார்கள். ஒரு மாதம் நடையாய் நடந்து, பெரியவர்களை வைத்துப் பேசி, சம்பந்தத்தைத் திரும்ப ஒட்ட வைத்தார்கள். ஒரே நிபந்தனை, கல்யாணத்தில் திலீப் கண்ணில் படக் கூடாது. அதற்குப் பிறகும் படாமல் இருந்தால் நல்லது. அவன் அப்பா கேந்திரத்துக்கு வந்து, மகனை நிரந்தரப் பிரிவில் சேர்த்துவிட்டுப் போனார். மண்டபத்தின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு வைத்திருந்தார்களே, அதுதான் நிரந்தரப் பிரிவு.

தரணி பார்க்கப் போனபோது திலீப் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. அவளைப் பார்த்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"நல்லா கீதுன்னு நீ சொன்ன. அப்போ இங்கேர்ந்து கெளம்பும்போது நல்லாதான் இருந்திருக்கு. வழியிலதான் எங்கியோ கெட்டுப்போச்சு. நாராயணவனம் வரைக்கும் பஸ்ல சொல்லிக்கினேதான் போனேன், சரியாதான் வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னா ஆச்சுன்னுதான் தெரியல."

அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டான். தன் குரலை, பஸ்ஸை, நாராயணவனத்தைக்கூட. தரணி சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் சந்தேகப்படவில்லை. கொஞ்சம் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதுவும் பாடத்தில் படித்ததுதான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தப்புச் செய்தோம் என்ற எண்ணம் அவளுக்குப் பழகினதுதான். ஆனால் இதுவரை எந்தத் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பதிலேயே பாதி வலி போய்விடும். இப்போது தேடுவதற்கு ஒன்றும் இல்லை. எந்த இடம், எந்த வார்த்தை, தோளில் எந்தக் கை என்று எல்லாம் தெரிந்தது. பெரியப்பா வீட்டைக் குறை சொன்னதால் ஒரு வேளைச் சோறுதான் போயிற்று. இங்கே ஒருவனுக்கு வீடே போய்விட்டது.

தாங்க முடியாமல் டைரக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தான் பொய் சொன்னதாகவும், மார்க்குக்காகச் சொன்னதாகவும், அதனால்தான் திலீப் கீழே கிடக்கிறான் என்றும், ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னாள்.

டைரக்டர் வெல்வெட் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். ஸ்வர்ணலதாவைக் கூப்பிட்டார், கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா," என்றார். "குற்றவுணர்ச்சி. இதைப் பாடத்திட்டத்துல வெக்கணும்னு எத்தனை வருஷமா முயற்சி பண்றேன், சொல்லிக் குடுக்கவே முடியல. இந்தப் பொண்ணுக்கு தானாவே வந்திருக்கு."

"அவன்கிட்ட சொல்லணும் சார்," என்றாள் தரணி.

டைரக்டர் அன்போடு அவள் தலையில் கை வைத்தார். "அங்கதான் நீ தப்பு பண்றே. சொல்லிட்டா போயிடும்மா. உள்ள வெச்சுக்கிட்டு, வெளிய சிரிச்சுக்கிட்டு இருக்கணும். நாங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம். இந்தக் கேந்திரத்தை நான் எப்படி நடத்தறேன்னு நெனைக்கற?"

கணக்குப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஸ்வர்ணலதா மேடம் சுவரைப் பார்த்தார். தரணிக்கு அந்த ஆண்டின் முதல் மாணவி பரிசு அன்றைக்கே முடிவாயிற்று.

பட்டமளிப்பு விழாவுக்குத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினராக வந்தார். இந்தப் பிள்ளைகளுக்கான மாநிலத் திட்டத்தை வகுத்தவர் அவர்தான் என்று டைரக்டர் அறிமுகம் செய்தார். அதிகாரி பணிவோடு மறுத்தார். திட்டம் வகுத்தது உண்மைதான், ஆனால் இப்படிப்பட்ட ஒருவரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன், அதனாலேயே எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் அதை எழுத முடிந்தது என்றார். பேசி முடித்ததும் தரணியின் கையைக் குலுக்கி, உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே என்று பாராட்டினார். யாரைப் போலத் தெரிகிறது என்று தரணி கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

நன்றியுரையை ஆபீசில் எழுதித் தந்திருந்தார்கள். மேடையில் நின்று அவள் அதைக் கையில் எடுத்தபோது, படிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முதல் வரிசையில் வேதாச்சலம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம், எம்பொண்ணு, எம்பொண்ணு என்று காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் கடைசியில் நிரந்தரப் பிரிவுக்காரர்கள் நாற்காலி போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். திலீப்பும் நின்றிருந்தான். தரணி நன்றியுரையை ஒரு பிசகில்லாமல் படித்தாள். 'இந்தக் கேந்திரம் எனக்கு உண்மையான நட்பைத் தந்தது' என்ற வரி வந்தபோது கைதட்டல் எழுந்தது. கடைசி வரை நிற்காமல் தட்டியவன் திலீப்தான்.

விழா முடிந்து மூட்டை முடிச்சோடு வேதாச்சலம் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றார். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தரணி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். திலீப் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை நிறுத்தி நேராகவே சொன்னாள்.

"வழியில ஒண்ணும் கெட்டுப்போவல திலீப். இங்கியே நல்லா இல்ல. நான் நல்லா கீதுன்னு சொன்னது பொய்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த இடம் நல்லா இல்லை என்று கேட்டான். அவள் சொன்னாள். குரலை, கிட்டே நின்றதை, சிரிப்பை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோப்பைப் பற்றிப் பேசின இடம் மட்டும் நன்றாக இருந்ததையும் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டான். பாடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"அப்போ தெரிஞ்சே சொன்னியா?" என்றான் கடைசியில்.

"தெரிஞ்சேதான். மேடம் உனக்குப் பின்னால நின்னுக்கினு மார்க் போட்டாங்க."

அவன் கையிலிருந்த நாற்காலியைப் பார்த்தான். அடுக்கின் மேல் அதை மெல்ல வைத்தான். திட்டு, அடிக்க வேண்டுமானாலும் அடி என்று தரணி சொன்னாள். கூடத்தின் மறுகோடியில் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திலீப் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். "பரவால்ல தரணி. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. நீ கெளம்பு, உங்க நைனா காத்துக்கினு இருப்பாரு."

சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. குரல் இதமாக இருந்தது, நின்ற தூரம் சரியாக இருந்தது, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தரணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதப் பழக்கத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று அறிய அவள் ஒருநாளும் அவன் முகத்தைப் பார்க்க நேர்ந்ததில்லை. அவன் சொன்னதே போதுமானதாக இருந்தது. இப்போது பார்த்தாள், பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அவன் அடுத்த நாற்காலியை எடுக்கப் போய்விட்டான்.

வெளியே வந்தாள். எங்கம்மா போன, ரெண்டு பஸ் போயிடுச்சு என்றார் வேதாச்சலம். அவர் முகத்தில் சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை. பரிசுக் கோப்பையைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்திருந்தார்.

"நைனா," என்றாள் தரணி. "ஒருத்தர் பரவால்லன்னு சொன்னா, பரவால்லன்னுதானே அர்த்தம்?"

வேதாச்சலம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தூர் பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"அது யாருக்கும்மா தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார்.